மூன்றாம் வரிசையில் ஒரு லேப்டாப்

1999-ஆம் ஆண்டு செப்டம்பர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாவது மணி நேரம். இடம் கல்லூரியின் கேலரி ஹால். பாடம் புள்ளியியல். பி.காம். இரண்டு பிரிவையும் ஒன்றாகச் சேர்த்து உட்கார வைத்த வகுப்பு. பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டுப் பேர். வந்திருந்தவர்கள் நூற்றுப் பதினொரு பேர். உட்கார்ந்திருந்த விதம் பின்வருமாறு:

நடுவே படிப்படியாக ஏறும் நடைபாதைக்கு இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். பக்கத்துக்கு ஐந்து பேராகப் பன்னிரண்டு வரிசை. முதல் இரண்டு வரிசையில், எங்கே உட்கார வைத்தாலும் நல்ல மார்க் வாங்கிவிடக்கூடியவர்கள். மூன்றாம் வரிசையில், ஆண்கள் பக்கம், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையில் தீபக்; அவனுக்கு முன்னால் திறந்து வைத்த லேப்டாப். அவனுக்கு நேர் பின்னால் தாரிக். ஐந்தாம் வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம் ரம்ஷா. அவளை ஒட்டி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பழனியாத்தாள். கடைசி வரிசையில், வழக்கத்துக்கு மாறாக, கல்லூரித் தாளாளர் அங்கப்பன். அவர் பக்கத்தில் துறைத் தலைவர் கிருபாசங்கர். கரும்பலகைக்கு முன்னால், சாக்பீஸும் கையுமாக, புவனா.

இப்படி எழுதி வைப்பது புவனாவின் பழக்கம். வெள்ளகோவிலில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலேயே எதையும் எண் போட்டு எழுதினால்தான் அவளுக்கு மனம் நிற்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஞாயிறுதோறும் எழுதும் கடிதம்கூட, ஒன்று, நான் நலம். இரண்டு, மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. மூன்று, மழை இல்லை என்றுதான் போகும். கேலரி ஹாலுக்கென்று அவள் தனி அட்டைகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நூற்றிருபது கட்டம், ஒரு இருக்கைக்கு ஒரு கட்டம். யாரிடம் கேள்வி கேட்கிறாளோ அவருடைய கட்டத்தில் பென்சிலால் சின்ன வட்டம். பக்கத்தில் தேதி. பதில் வந்துவிட்டால் அந்த வட்டத்தைப் பேனாவால் அடைத்துவிடுவாள். நூறு முகத்துக்கு மேல் உள்ள வகுப்பில் யார் பாடத்தோடு கூடவே வருகிறார்கள், யார் பாதி வழியில் நின்றுவிட்டார்கள் என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தத் திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அங்கப்பன் வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். சொந்தத் தோட்டமும் மில்லும் உள்ளவர், நல்ல மனிதர். பெண்களை எல்லாம் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மணி, நூறு பேருக்கு மேல உக்காந்திருக்கறாங்க, குண்டூசி உழுந்தாக் கேக்குமாட்ட இருக்குதுங்களே! நாங்க படிக்கறப்பெல்லாம் சந்தைக்கடை தோத்துப்போகுமுங்க."

"பசங்க அமைதியாத்தான் இருப்பாங்கய்யா," என்றாள் புவனா.

"அமைதி மட்டுமில்லீங். அத்தன பேரு கண்ணும் அந்தப் பையன் பொட்டி மேலயே இருந்துது. நானும் மேலருந்து பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு பொட்டிக்கே இப்படின்னா, முப்பது வாங்கிப் போட்டம்னா?"

"அப்புறம் நாங்க ஊட்டுக்குப் போயிரலாமுங்க," என்றார் கிருபாசங்கர். மூன்று பேரும் சிரித்தார்கள். புவனா மட்டும் சற்று முன்னதாகவே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"சனிக்கெழம கமிட்டி கூடுது," என்று அங்கப்பன் விஷயத்துக்கு வந்தார். "லேப்டாப் வாங்கறதப் பத்திப் பேசப் போறோம். உங்களைப் பர்மனென்ட் பண்ற விசயமும் அன்னைக்குத்தான் வருது. பாடம் எடுக்கறவங்க கையால ஒரு லெட்டரு இருந்தா எனக்குப் பேச வசதி. லேப்டாப் வந்ததுக்கப்புறம் கிளாஸ்ல கவனம் எப்படி இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு நான் ஆனைமலைத் தோட்டத்துக்குப் போறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள அங்க வந்து சேர்ற மாதிரி தபால்ல போட்டுருங்க. போன்ல வேண்டாமுங்க. எனக்குப் படிச்சாத்தான் மண்டைல ஏறும்."

அவர் மிரட்டவில்லை. இரண்டு விஷயமும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். ஆனால் புவனாவின் இரண்டு வருடத் தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. போன வருடம் வணிகவியல் துறையில் ஒருவருக்குக் கமிட்டி "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று எழுதியது. அடுத்த ஜூனில் அவருடைய நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காங்கேயத்தில் இருந்த பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தவள் புவனா. திரும்பிப் போனால் அந்த இடம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆசிரியர் அறையில் மூன்று அட்டைகளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். ஜூன், ஜூலைக்கு ஒன்று. ஆகஸ்டுக்கு ஒன்று. செப்டம்பருக்கு ஒன்று. தீபக் லேப்டாப் கொண்டுவந்தது ஆகஸ்ட் இரண்டாம் தேதி. சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் அவன் அப்பா, வீட்டில் வைத்து அழகு பார்ப்பதற்கா வாங்கியது, காலேஜுக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் அதைப் பூத்துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து பஸ்ஸில் வருவான். அந்த லேப்டாப் ஒரு மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் தாங்காது. ஹாலில் இருந்த ஒரே பிளக், மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில், நடைபாதைத் தரையில், புரொஜெக்டருக்காக வைத்தது. அதனால்தான் அந்த ஓர இருக்கை.

புவனா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தி, எழுந்து நின்று, எட்ட இருந்து பார்த்தாள். ஜூலை அட்டையில் மைப்புள்ளிகள் எல்லாப் பக்கமும் இறைந்து கிடந்தன. ஆகஸ்ட் அட்டையில் தீபக்குக்குப் பின்னால் வெளுத்திருந்தது. செப்டம்பர் அட்டையில் அது இன்னும் தெளிவு. நான்காம் வரிசையில் இரண்டு கட்டம், அப்புறம் நான்கு, நான்கு, ஆறு, ஆறு, ஒன்பதாம் வரிசையில் எட்டு. ஒரு விசிறியை விரித்து வைத்ததுபோல முப்பது கட்டம். அதற்குள் ஒரு புள்ளி மை இல்லை.

"பாருங்க சார்," என்று கிருபாசங்கரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். "அடேங்கப்பா, நடுவுல தீ வெச்ச மாதிரி இருக்குது."

"ஐயா நேத்துப் பாத்த அமைதி இதுதானுங்க."

"அதச் சொல்லப் போறீங்களா?"

"கேட்டிருக்காருங்களே."

"அவரு கேட்டது நாலு வரி. நீங்க விசிறி மடிச்சு அனுப்பறீங்க." கிருபாசங்கர் குரலைத் தாழ்த்தினார். "புவனா, நான் கெடுதல் சொல்ற ஆளு இல்ல. அவருக்கு அந்தப் பொட்டி மேல ஆச வந்திருச்சு. சனிக்கெழம முடியட்டும். திங்கக்கெழம நானே உங்ககூட வந்து இந்த அட்டையக் காட்டறேன்."

"திங்கக்கெழம காட்டினா, சனிக்கெழமையே ஏன் காட்டலைன்னு கேப்பாருங்க."

"நீங்க படிச்சது வெள்ளகோவிலா, கோர்ட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

அட்டை சொல்வதைச் சொல்லிவிட்டால் போதும் என்று புவனாவுக்குத் தோன்றியது. எண்கள் பேசுகிறபோது தான் பேச வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எழுதுவதற்கு முன்னால் விசிறிக்குள் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீபக், தாரிக், ரம்ஷா, பழனியாத்தாள் நான்கு பேரையும் கேலரி ஹாலுக்கு வரச் சொன்னாள்.

நான்கு பேரும் தங்கள் தங்கள் இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். தண்டனைக்குக் கூப்பிட்டது மாதிரி முகம்.

"திட்டறதுக்குக் கூப்பிடல," என்றாள் புவனா. "தீபக், நீ நோட்ஸ் அதுலதான எழுதற? ஆகஸ்ட்ல எழுதுனதக் காட்டு பாக்கலாம்."

தீபக் லேப்டாப்பைத் திறந்து, அது விழித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அவள் பக்கம் திருப்பினான். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதிவரை ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் எழுதலீங் மேடம்."

"ஏன்?"

பின்னாலிருந்து தாரிக் எழுந்தான். "மேடம், நான்தானுங்க. எழுத்து சின்னதா இருக்குது, தெரியலைன்னு சொன்னேன்."

"அவரு கேட்டாருங்க," என்றான் தீபக். "சரின்னு எழுத்தப் பெருசு பண்ணினேன். பெருசு பண்ணினா ரெண்டு வரிதான் தெரியுது. நான் எழுத எழுத மேல ஓடிருது. பின்னாடி இருக்கறவங்க படிச்சு முடிக்கலைன்னா பாவம்னு நிறுத்தி நிறுத்தி எழுதினேன். நீங்க அதுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிருவீங்க."

"அவங்களுக்குத் தெரியறதுக்காகவா எழுதற? உனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

தீபக் அவளை நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "ஏனுங் மேடம், இத்தன பேரு நடுவுல ஒரு பொருளத் தொறந்து வெச்சுப்போட்டு, நாம மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது எப்படிங்க? நான்கூட இப்படி ஒருக்களிச்சுத்தான் உக்காருவேன், என்ற தலை மறைக்குதுன்னு."

அவன் உட்கார்ந்து காட்டினான். இரண்டு மாதமாகத் தோளை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை ஒடித்து உட்கார்ந்திருக்கிறான். அது சோம்பேறித்தனம் என்று புவனா நினைத்திருந்தாள்.

"கிளாஸ்ல அதுல சீட்டு வெளையாடறீங்கன்னு கேள்விப்பட்டேனே?" என்றாள்.

"அது தாரிக் கேட்டாருங்க. ஒரு நாளு காட்டினேன். அப்புறம் தெனமும் எல்லாரும் எதிர்பாத்தாங்க. வேண்டாம்னு எப்படிங் மேடம் சொல்றது? எனக்கு அந்த வெளையாட்டு அலுத்தே போச்சுங்க."

"டேய், உனக்கு அலுத்துப்போச்சா?" என்று தாரிக் பாய்ந்தான். "எனக்குப் போன மாசமே அலுத்துப்போச்சு. நீ ஆசையாக் காட்டற, பாக்கலைன்னா சங்கடப்படுவியேன்னுதான் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டிருந்தேன். கழுத்து புடிச்சுக்கிச்சு!"

ரம்ஷா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எங்க பக்கத்துல இருந்து பாத்தா அந்த ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாதுங்க மேடம். வெறும் வெள்ளையாத் தெரியும். ஆனா அவரு ஒவ்வொரு தடவையும் திரும்பி, தெரியுதுங்களான்னு கேப்பாரு. தெரியுதுங்கன்னு சொல்லிப்போடுவோம்."

"தெரியுதுங்க தெரியுதுங்கன்னே ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கறோம்," என்றாள் பழனியாத்தாள் மெதுவாக.

புவனாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சரி. நான் கிளாஸ் முடிஞ்சு, புரிஞ்சுதான்னு கேக்கறப்ப, புரிஞ்சுதுங்கன்னு எல்லாரும் சேர்ந்து சொல்றீங்களே, அது?"

ரம்ஷாதான் சொன்னாள். "இவ்வளவு நேரம் தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. புரியலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க மேடம் சொல்றது? அதுவுமில்லாம..."

"சொல்லு."

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும்தான் எங்க பக்கம் கேள்வியே கேக்கறதில்லீங்களே. முன்னெல்லாம் கேப்பீங்க. எப்பக் கேப்பீங்களோன்னு பயத்துல படிச்சுட்டு வருவேன். இப்பக் கேக்கறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

தீபக் எழுந்து லேப்டாப்பை மூடினான். "நாளையிலருந்து கொண்டுட்டு வரலீங் மேடம்."

"கொண்டுட்டு வா," என்றாள் புவனா. அவள் குரல் அவளுக்கே எங்கோ தூரத்தில் கேட்டது. "நாளைக்குக் கட்டாயம் கொண்டுட்டு வா."

சாயங்காலம் அறைக்கு வந்து, காப்பி போட்டு, குடிக்காமல் வைத்துவிட்டு, அட்டைகளை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். காலையில் அவள் எட்ட நின்று பார்த்தாள். எட்ட நின்றால் மை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போது அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பென்சில் வட்டங்களைத் தேடினாள். கேள்வி கேட்டிருந்தால் பதில் வராவிட்டாலும் வட்டம் இருக்க வேண்டும் அல்லவா?

ஜூன், ஜூலையில் விசிறிக்குள் அறுபத்தோரு வட்டம். அதில் முப்பத்தெட்டு மையால் அடைத்தது. ஆகஸ்ட் தொடக்கம் இன்றுவரை நான்கே வட்டம். எல்லாம் இரண்டாம் தேதியும் மூன்றாம் தேதியும் போட்டவை. நான்காம் தேதியிலிருந்து விசிறிக்குள் வட்டமே இல்லை. பதில் வராத கட்டங்கள் என்று காலையில் நினைத்தாளே, அவை கேட்காத கட்டங்கள்.

ஆகஸ்ட் நான்கு. அந்தத் தேதி எது என்று அவள் நினைவில் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று கரும்பலகையில் நாற்பது தென்னை மரங்களின் காய்ப்பை எழுதி, திட்டவிலக்கம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அரை மணி நேரம் கூட்டி, பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். திரும்பியபோது தீபக் திரையைப் பார்த்துவிட்டு, பலகையைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றான். "மேடம், எனக்கு வேற மாதிரி வருதுங்க. நான்தான் எங்கயாச்சும் தப்பாத் தட்டிப்போட்டிருப்பனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தப்பாகத் தட்டவில்லை. முப்பத்தேழாவது மரத்தை அவள் இரண்டு முறை கூட்டியிருந்தாள். மறுநாள் முதல் வேலையாக, காரணம் சொல்லாமல், விடையைத் திருத்தினாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முடியவில்லை. அவள் கண் அன்றிலிருந்து மூன்றாம் வரிசை ஓரத்தைத் தாண்டிப் போகாமல் ஒதுங்கிக்கொண்டது. கேள்வி கேட்டால் அந்தப் பக்கத்தில் யாராவது பதிலுக்கு முன்னால் திரையைப் பார்ப்பார்கள் என்ற எண்ணம். அதை அவள் வேறு பெயரிட்டு வைத்திருந்தாள். பாவம், பிள்ளைகளை எல்லார் நடுவிலும் எழுப்பிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று. எத்தனை மரியாதையான பெயர்!

காப்பி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள்.

புதன்கிழமை காலையில் இயற்பியல் லேபுக்குப் போய் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். மூன்றாவது மணி நேரம் தொடங்குவதற்கு முன் தீபக்கைக் கடைசி வரிசைக்கு அனுப்பினாள். ஒயரை நடைபாதை ஓரமாக விட்டு, தடுக்கி விழாமல் இருக்கத் தாரிக் அதன்மேல் காகித டேப் ஒட்டினான்.

"உனக்குப் பின்னாடி செவுருதான் இருக்குது," என்றாள் தீபக்கிடம். "அதுகிட்டத் தெரியுதான்னு கேக்க வேண்டாம். உனக்குன்னு எழுது."

"சரிங் மேடம்." முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். எத்தனை உயரமான பையன் என்று புவனாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் வரிசை ஓரம் காலியாக இருந்தது. அவள் அந்த இடத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள். "ஆகஸ்ட் நாலாம் தேதி நான் போர்டுல ஒரு கணக்கத் தப்பாப் போட்டேன். ஒரு மரத்தை ரெண்டு தடவ கூட்டிட்டேன். தீபக்குக்குத் தெரியும். இன்னைக்கு அதே கணக்கத் திரும்பப் போடப் போறேன். எங்கயாவது தப்புப் பண்ணினா அப்பவே சொல்லணும். கிளாஸ் முடிஞ்சு வந்து சொல்லக் கூடாது."

ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

பாதிக் கணக்கில் நிறுத்தி, தாரிக்கைக் கேட்டாள். இந்த இடத்தில் சராசரியை ஏன் கழிக்கிறோம்? அவன் எழுந்தான். முகம் சிவந்தது. வழக்கமாக அவள் உட்காரச் சொல்லிவிடுகிற இடம் அது. அன்று சொல்லவில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் பலகையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அப்புறம் தட்டுத் தடுமாறி ஒரு பதில் சொன்னான். பாதி சரி. மீதியை ஆறாம் வரிசையில் ஒருவன் சொன்னான். அடுத்தது ரம்ஷா, அவள் சரியாகச் சொன்னாள். அடுத்தது பழனியாத்தாள்.

பழனியாத்தாள் எழுந்து, பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் நின்றாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. புரியலீங்."

நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஹாலில் அந்த வார்த்தையை அந்த வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

"எந்த எடத்துல?"

"வர்க்கம் எடுக்கறீங்களே, அங்கிருந்துங்க."

"எனக்கும் அங்கதானுங்க," என்றது ஏழாம் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எனக்கு அதுக்கும் முன்னாடியே நின்னு போச்சுங்க மேடம்!" என்றது வேறொன்று. ஹாலே சிரித்தது. சந்தைக்கடை என்றால் சந்தைக்கடைதான். புவனா பலகையைத் துடைத்துவிட்டு, நாற்பது மரத்தை ஐந்து மரமாகக் குறைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள். மணி அடித்தபோது கணக்கு முடியவில்லை. அது அவளுக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. பாடத்திட்டத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு வகுப்பு பின்தங்கியிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தாள். தபால் பை மூன்றரைக்குப் போகும். வெள்ளைத் தாள், அடியில் கார்பன், அதற்கு அடியில் நகலுக்கு இன்னொரு தாள்.

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் கேட்டபடி எழுதுவது யாதெனில்:

1. வகுப்பில் லேப்டாப் வந்தபின், அதற்குப் பின்னாலுள்ள முப்பது இருக்கைகளிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது. மூன்று அட்டைகளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். வைத்திருக்கும் மாணவனும் நோட்ஸ் எடுக்க இயலாமல் போயிற்று. தன் பொருளைப் பிறருக்குக் காட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று அவன் எண்ணியதும், காட்டுவதைப் பாராமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று மற்றவர்கள் எண்ணியதும் காரணம்.

2. தாங்கள் திங்களன்று கண்ட அமைதி கவனத்தால் வந்தது என்று என்னால் உறுதி கூற இயலவில்லை.

3. அதே முப்பது இருக்கைகளில் ஆகஸ்ட் 4 முதல் செப்டம்பர் 20 வரை நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பலகையில் நான் தவறாகப் போட்ட கணக்கு ஒன்று அக்கருவியில் சரியாக வந்தது. அதன்பின் அந்தப் பக்கம் நோக்கத் தயங்கினேன். ஆகவே முதல் எண்ணில் கண்ட குறையில் கருவியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

4. இன்று அக்கருவியைக் கடைசி வரிசைக்கு மாற்றி, அதே முப்பது இருக்கைகளில் ஒன்பது கேள்விகள் கேட்டேன். நான்கு பதில் வந்தது. மூன்று பேர் புரியவில்லை என்றனர். இருவர் பேசவில்லை. இது ஒரு நாள் கணக்கு. இதைக்கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது.

5. ஆதலால் முப்பது லேப்டாப் வாங்குமுன், இருக்கும் ஒன்றை வைத்து ஒரு பருவம் முழுதும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இதற்குக் கீழே, "அதைப் பார்க்க நான் இருப்பேனா என்பது" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து வேறு தாளில் எழுதினாள். கடைசி வரியை மாற்றினாள்: பாடம் எடுப்பவர் யாராயினும் இவ்வட்டைகள் அவருக்கு உதவும்.

கிருபாசங்கர் கார்பன் நகலை வாங்கிப் படித்தார். மூன்றாம் எண்ணில் அவர் விரல் நின்றது.

"இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலீங் சார்."

"பின்ன? ரெண்டுலருந்து நேரா நாலுக்குப் போங்க. நம்பர மாத்திக்குங்க. ஒரு பய கண்டுபுடிக்க மாட்டான். பலகையில தப்புப் போட்டேன், பயந்துட்டு முப்பது பேரக் கேள்வி கேக்கலைன்னு, பர்மனென்ட் பண்ற அன்னைக்கா எழுதிக் குடுப்பாங்க?"

புவனா நகலைத் திரும்ப வாங்கி, மூன்றாம் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள். கடிதம் நன்றாகத்தான் இருந்தது. சுருக்கமாக, பிசிறில்லாமல், எல்லாப் பழியும் பூத்துண்டில் சுற்றி வரும் ஒரு பொட்டியின் தலையில்.

"இது இல்லைன்னா ஒண்ணாவது தப்பாயிருமுங்க சார்," என்றாள் விரலை எடுத்துவிட்டு. "அட்டைய அவரு கிட்டத்துல வெச்சுப் பாத்தாருன்னா வட்டம் இல்லாதது தெரியும்."

"அவரு கண்ணாடியே போட மாட்டாரும்மா!"

"போட்டுட்டா?"

கிருபாசங்கர் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து நீளமான பழுப்பு உறை ஒன்றை எடுத்து நீட்டினார். "அட்டை மடங்காமப் போகணுமில்ல? இதுல வைங்க."

அலுவலகத்தில் தபால் எழுத்தர் அப்துல் முத்தலிப் பையைக் கட்டத் தயாராக இருந்தார். மணி மூன்று இருபத்தைந்து.

"ஏனுங் மேடம், கடைசி நிமிசத்துலயா? குடுங்க குடுங்க." உறையை வாங்கி விலாசத்தைச் சத்தமாகப் படித்தார். "ஐயாவுக்கா? ஆனைமலை. நாளான்னைக்கு மதியத்துக்குள்ள போயிருமுங்க." கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்குதே. லீவு லெட்டரு இல்ல போலிருக்குது."

"இல்லீங் பாய்."

தராசில் வைத்து, இன்னும் இரண்டு ஸ்டாம்ப் எடுத்து ஒட்டினார். பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதினார். பிறகு பசைக் கிண்ணத்தில் பிரஷைத் தோய்த்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் உள்ள வெச்சுட்டீங்களா? ஒட்டிப்போட்டா அப்புறம் பிரிக்க முடியாதுங்க."

புவனா உறையை ஒருமுறை வாங்கி உள்ளே பார்த்தாள். கடிதம் ஒன்று. அட்டை நகல் மூன்று. எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒட்டுங்க பாய்."

அவர் பசை தடவி, மடித்து, மர ஸ்கேலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் தேய்த்தார். உறையைப் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். வெளியே போய் சைக்கிளின் பின் கேரியரில் பையை வைத்து, ஸ்பிரிங்கை இழுத்து விட்டார்.

"போயிட்டு வாரனுங்க," என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார்.